வரைபடத்தில் இல்லாத தெரு: புவியியல் பட்டப்படிப்பின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

பள்ளிக்கூடத்தில் அதன் பெயர் பூகோளம். கல்லூரிக்கு வந்ததும் புவியியல் ஆகிவிடுகிறது. பெயர்தான் மாறுகிறதே தவிர மரியாதை கூடுவதில்லை. 'பூகோளம் படிச்சு என்ன பண்ணப் போறே?' என்கிற கேள்வி மூன்று வருடமும் மாணவனைத் துரத்துகிறது. மலைகள், நதிகள், தலைநகரங்கள், கலர் பென்சில் என்பதாகவே பொதுப்புத்தி அதை வைத்திருக்கிறது. நம்முடைய நிலையும் இதற்கு மேலானதல்ல. வரலாற்றுப் பாடநூலை வரிவரியாகக் கட்டுடைக்கிற நாம் புவியியல் பாடநூலைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதில் அரசியல் என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். அந்தப் பாடம் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த கதையைப் பார்த்தால் இந்த அப்பாவித் தோற்றம் கலைந்துவிடும்.

1880களில் இங்கிலாந்தில் புவியியல் ஒரு பட்டப்படிப்பு அல்ல. கண்டங்களைக் 'கண்டுபிடித்தவர்கள்' கூடிப் பேசுகிற சங்கமாக ராயல் ஜியாகரபிகல் சொசைட்டி இருந்தது. ஜெர்மனியில் புவியியல் பேராசிரியர்கள் பெருகுவதையும், ஆப்பிரிக்காவைப் பங்குபோடும் போட்டி சூடுபிடிப்பதையும் அது பார்த்துக்கொண்டிருந்தது. ஜான் ஸ்காட் கெல்ட்டி என்பவரை அனுப்பி ஐரோப்பியக் கல்வி நிலையை ஆராயச் சொன்னது. 1885இல் அறிக்கை வந்தது. இங்கிலாந்து பின்தங்கியிருக்கிறது என்றது. சொசைட்டியின் பண உதவியோடு 1887இல் ஆக்ஸ்போர்டில் ஒரு பதவி உருவானது. அதில் அமர்ந்தவர் ஹால்ஃபோர்ட் மெக்கிண்டர். யூரேசியாவின் உள்நிலத்தை உலக அதிகாரத்தின் அச்சாகக் காட்டிய 1904ஆம் ஆண்டு உரை இவருடையதுதான். காலனி அலுவலகத்தின் ஒரு குழுவுக்காக, மாய விளக்குப் படங்களோடு காட்டும் பாடங்களையும் எழுதினார். இந்தியாவைப் பற்றிய எட்டு விரிவுரைகள் 1910இல் நூலாயின. லண்டன் சிறுவன் நம் ஊரை எந்தக் கோணத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது அங்கே தீர்மானமாயிற்று. லிவர்பூலில் 1917இலும் கேம்பிரிட்ஜில் 1919இலும் புவியியல் தனி ஆனர்ஸ் பாடமானது. முதல் உலகப்போரின் புகை அடங்கும் முன்பும், அடங்கிய உடனேயும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் அதே 1885இல் வேறொரு குரலும் எழுந்தது. கெல்ட்டியின் முயற்சியை ஒட்டி, புவியியல் எப்படி இருக்க வேண்டும் என்று ஒருவர் கட்டுரை எழுதினார். அவர் அப்போது பிரெஞ்சுச் சிறையில் இருந்தார். பெயர் பீட்டர் க்ரோபோட்கின். அரசின்மைவாதியாக நாம் அறிந்த அவர் சைபீரியாவின் மலைகளை ஆராய்ந்த புவியியலாளரும்கூட. எந்த நாட்டில் பிறந்தாலும் மனிதர்கள் சகோதரர்கள் என்பதைச் சிறுவயதிலேயே கற்பிப்பதும், பிற இனங்களைப் பற்றிய வெறுப்பைக் கரைப்பதும் இந்தப் பாடத்தின் வேலை என்றார். இரண்டு புவியியல்கள் ஒரே வருடத்தில் பிறந்தன என்று சொல்லலாம். ஒன்றுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது, மற்றொன்றுக்குச் சிறை.

பல்கலைக்கழகம் கிடைத்த புவியியலுக்கும் அங்கே இருப்பு நிச்சயமாக இல்லை. 1948இல் ஹார்வர்டு அதைக் கைவிட்டது. துறையின் தரம் பற்றிய சந்தேகம், ஆட்களுக்கிடையிலான பகை, ஒரு பேராசிரியரின் தற்பாலினத்தன்மை மீதான அருவருப்பு எல்லாம் அதில் கலந்திருந்தன என்று பின்னாளில் நீல் ஸ்மித் எழுதினார். தாக்குண்ட துறை 'விஞ்ஞானம்' என்கிற கவசத்தை அணிந்துகொண்டது. ஐம்பதுகள், அறுபதுகளில் எண்களும் சூத்திரங்களும் பாடத்திட்டத்தை நிரப்பின.

அந்தக் கவசம் உள்ளிருந்தே உடைந்தது. 1962இல் கோட்பாட்டுப் புவியியல் என்று கணிதமயமான நூல் எழுதிய வில்லியம் பங்கேதான் உடைத்தவர்களில் ஒருவர். டெட்ராய்ட் நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிக்குக் குடிபோனார். க்வென்டோலின் வாரன் என்ற இளம் கறுப்பினப் பெண்ணோடு சேர்ந்து 1960களின் இறுதியில் ஓர் 'ஆய்வுப் பயணம்' தொடங்கினார். பழைய ஆய்வுப் பயணங்கள் ஆப்பிரிக்காவுக்குப் போயின, இது சொந்த ஊரின் சேரிக்குப் போயிற்று. அங்குள்ள இளைஞர்களுக்குக் கட்டணமில்லாமல், பல்கலைக்கழகப் பட்டத்துக்குச் செல்லுபடியாகும் பாடங்கள் நடத்தப்பட்டன. அவர்கள் போட்ட வரைபடங்களில் ஒன்று 1971இல் வெளியானது. புறநகர்ப் பணக்காரர்கள் காரில் வேலைக்குப் போய்வரும் வழியில் எந்தெந்த இடத்தில் கறுப்பினக் குழந்தைகள் அடிபட்டார்கள் என்பதைக் காட்டிய வரைபடம் அது. புள்ளிகள் அவ்வளவுதான். ஆனால் 'விபத்து' என்ற சொல் அதற்குப் பிறகு நிற்க முடியவில்லை. பங்கேவுக்குப் பல்கலைக்கழக வாழ்க்கை நிலைக்கவில்லை. பின்னாளில் கனடாவில் டாக்ஸி ஓட்டினார்.

பிரான்சிலும் இதே காலத்தில் ஒரு சம்பவம். 1972இல் ஈவ் லாகோஸ்த் வியட்நாம் போனார். செந்நதியின் கரைகளில் அமெரிக்கக் குண்டுகள் விழுந்த இடங்களைக் குறித்தார். அவை தற்செயலாக விழுந்தவை அல்ல, வெள்ளம் வந்தால் அதிக மக்கள் சாகக்கூடிய இடங்களில் விழுந்தவை என்று காட்டினார். புவியியல் முதலில் போர் செய்யவே பயன்படுகிறது என்ற தலைப்பில் 1976இல் நூல் எழுதினார். அதே வருடம் அவர் தொடங்கிய 'எரொதோத்' பத்திரிகையின் முதல் இதழ் ஃபூக்கோவைப் பேட்டி கண்டது. உங்கள் எழுத்து முழுக்க பிரதேசம், களம், இடப்பெயர்ச்சி என்று இருக்கிறது, புவியியலைப் பற்றி மட்டும் ஏன் மௌனம் என்று மடக்கியது. முதலில் நழுவிய ஃபூக்கோ, கடைசியில் தன் அக்கறைகளின் மையத்தில் புவியியல் இருந்தாக வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். ஃபூக்கோவை இவ்வளவு பேசிய நம்மிடையே இந்தப் பேட்டி பெரிதாகப் பேசப்படவில்லை.

இனி நம் வாசலுக்கு வருவோம். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் சங்கிலியை விரித்தார். சுமார் 12 கிலோமீட்டர் நீள அடிக்கோடு. இந்தியாவை முக்கோணங்களால் அளந்த மாபெரும் வேலை அங்கேதான் தொடங்கிற்று. திப்பு வீழ்ந்து மூன்று வருடம்கூட நிறையவில்லை. பிடித்த நிலத்தை அளந்தாக வேண்டும், வரி போட்டாக வேண்டும். இன்றும் புவியியல் மாணவனின் செய்முறைத் தேர்வில் சங்கிலி அளவையும் பிளேன் டேபிளும் பிரிஸ்மாட்டிக் காம்பஸும் வருகின்றன. கருவிகளைச் சொல்லித்தருகிறோம், அவை யாருக்காக வந்தன என்பதைச் சொல்லித்தருவதில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்தக் கண் இடம் மாறியதே தவிர மூடவில்லை. நில எல்லையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் சுமார் 80 கிலோமீட்டருக்குள் வரும் டோப்போஷீட்டுகள் நீண்ட காலம் கட்டுப்படுத்தப்பட்டவையாக இருந்தன. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாணவன் தன் ஊரின் வரைபடத்தைக் கடையில் வாங்குவதுபோல் வாங்க முடியாது. 2005இன் வரைபடக் கொள்கையும் 2021 பிப்ரவரியில் வந்த விதிகளும் இதைப் பெருமளவு தளர்த்தின. ஆனால் யாருடைய நெருக்குதலால்? செயற்கைக்கோள் படங்களை விற்கும் சந்தை வளர்ந்த பிறகுதான் கதவு திறந்தது. மாணவன் கேட்டுத் திறக்கவில்லை.

பாடநூலுக்குள் போனால் இன்னொரு மௌனம். குடியிருப்புகளைக் கொத்து, நீள், சிதறல் என்று வகைப்படுத்துகிறார்கள். நீர், மண், சாலை ஆகியவை காரணங்கள். சரி, ஊருக்கு வெளியே ஒரு வயல் தள்ளிச் சேரி ஏன் இருக்கிறது? அதை எந்த நீர், எந்த மண் தள்ளி வைத்தது? டோப்போஷீட்டில் கோயிலுக்குக் குறி உண்டு, கிணற்றுக்கு உண்டு, தபால் ஆபீசுக்கு உண்டு. சாதிக்குக் கிடையாது. தமிழ்க் கிராமத்தின் இடத்தைத் தீர்மானிக்கிற முதல் விதி வரைபடத்தில் வெறும் இடைவெளியாகக் கிடக்கிறது.

அதனால் இந்தப் படிப்பே வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது, பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு தரப்பட்ட அந்த நிலம்தான். பின்பு அதில் பெரும்பகுதி கைமாறிற்று. 1994இல் காரணையில் அந்த நிலத்தைக் கேட்ட போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு இரண்டு தலித்துகள் பலியானார்கள். அந்த நிலம் எது என்று நிரூபிக்க என்ன வேண்டும்? புல எண், கிராம வரைபடம், பழைய பதிவேடு, எல்லைக் கல். இவற்றைப் படிக்கத் தெரிந்தவன் கிராமத்தில் யார்? கர்ணம் இருந்தார், பிறகு வி.ஏ.ஓ., சர்வேயர். காகிதம் எப்போதும் அந்தப் பக்கம்தான்.

மூன்றாம் வருடத்தில் கள அறிக்கை என்று ஒன்று எழுதச் சொல்கிறார்கள். பெரும்பாலும் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ பஸ்ஸில் போய்வந்து எழுதுகிற கட்டுரை. அந்த நாட்களை மாணவன் தன் தாலுகாவிலேயே செலவிடட்டும். தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவோடு நிற்கிறது, சுடுகாட்டுக்கு யார் எந்த வழியாகப் பிணம் தூக்கிப் போகிறார்கள், பஞ்சமி என்று பதிவான புல எண்ணில் இன்று யாருடைய வேலி நிற்கிறது என்று தாளில் குறிக்கட்டும். அளவு சரியாக இருக்க வேண்டும், வடக்கு சரியாக இருக்க வேண்டும். அதற்கான பயிற்சியை அந்தப் பட்டப்படிப்பு ஏற்கெனவே தருகிறது. அந்த வரைபடம் கோர்ட்டிலும் நிற்கும், கூட்டத்திலும் நிற்கும். பூகோளம் படிச்சு என்ன பண்ணப் போறே என்று கேட்பவர்களிடம் அதை விரித்துக் காட்டலாம்.