வயது வந்த பேய்

'இருட்டு அறையில் முரட்டு குத்து' படத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டுமா என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். 2018 மே 4ல் வெளிவந்த அந்தப் படத்தை நான் மேலூரிலேயே, இரண்டாம் ஆட்டத்தில், தெரிந்த முகம் எதுவும் எதிர்ப்படக் கூடாதே என்ற கவலையோடு பார்த்தேன். தெரிந்த முகங்கள் நிறைய இருந்தன. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

படம் மோசமான படம். சந்தோஷ் பி. ஜெயக்குமாருக்குக் காமிரா ஒரு சாவித் துவாரம். வசனத்தில் பாதி பள்ளிக்கூடக் கக்கூஸ் சுவரிலிருந்து இறங்கி வந்தது. இதைச் சொல்ல விமர்சகன் தேவையில்லை. தினப் பத்திரிகைகளே சொல்லியாயிற்று. என்னைப் பிடித்து நிறுத்தியது கதையின் கரு. தாய்லாந்தில் ஒரு பங்களா. இரண்டு ஜோடிகள். அவர்களை வெளியேற விடாத ஒரு பேய். ஆண் சுகம் அறியாமலே செத்துப்போனவளின் பேய் அது. பெண்ணைத் தொடாத ஒருவன் அதற்கு வேண்டும்.

'வயது வந்தோருக்கு மட்டும்' என்ற முத்திரையே தமிழ் சினிமாவுக்குப் பேயின் மூலமாகத்தான் வந்தது. 'ஏ', 'யு' என்ற பிரிவினை சட்டத்தில் புகுந்தது 1949ல். 1951ல் ஜூபிடர் தயாரித்து, கே. ராம்நாத் டைரக்ட் செய்த 'மர்மயோகி'தான் 'ஏ' வாங்கிய முதல் தமிழ்ப் படம். எம்.ஜி.ஆர். படம். காரணம் காமம் அல்ல, ஆவி வரும் காட்சிகள். குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்று. 67 வருஷம் கழித்து இன்னொரு பேய் அதே எழுத்தை வாங்குகிறது. இம்முறை கொட்டகையில் யாரும் பயப்படவில்லை.

இடையில் ஒரு கணக்கும் இருக்கிறது. பாங்க்கில் லெட்ஜர் பார்க்கிறவனுக்கு அது கண்ணில் படாமல் போகாது. 2006ல் தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்குக் கொடுத்தார்கள். 2011ல் 'யு' சான்றிதழும் வேண்டும் என்றார்கள். 'ஏ' வாங்கிய படத்துக்கு விலக்கு இல்லை. டெலிவிஷனிலும் அதை அப்படியே போட முடியாது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த விலக்கே அர்த்தமற்றுப் போயிற்று. சான்றிதழ் எதுவானாலும் ஒரே வரி. அந்த வருஷமே இதே டைரக்டரின் 'ஹர ஹர மஹாதேவகி', அடுத்த மே மாதம் இந்தப் படம். ஒரு வீடு, சில நடிகர்கள், இரவு. தியேட்டர் வசூலே போட்ட பணத்தை எடுத்துவிடும். இது மட்டுமே காரணம் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் கலாசாரச் சீரழிவு என்று அங்கலாய்ப்பவர்கள் வரி விதிகளைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

பேய்க்கு வருகிறேன். சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்கு நடந்து வருவது எங்கள் பக்கத்துக் காடுகள் வழியாகத்தான். கொடும்பாளூரிலிருந்து பிரியும் மூன்று வழிகளில் ஒன்று அழகர்மலைக்குப் போகிறது. நடுவழியில் மயக்கும் தெய்வம் ஒன்று உண்டு என்று மாங்காட்டு மறையோன் எச்சரிக்கிறான். அந்த வழியிலேயே போகிறான் கோவலன். தண்ணீருக்காக நீர்நிலையில் இறங்கியவன் காலில் வந்து விழுந்து அழுகிறது தெய்வம், மாதவியின் தோழி வசந்தமாலை உருவில். மந்திரம் சொல்லி விலக்குகிறான். விலகும்போது அது கேட்டுக்கொள்வதுதான் எனக்கு விசேஷமாகப் படுகிறது: இதைக் கண்ணகியிடமும் கவுந்தியிடமும் சொல்லிவிடாதே. இளங்கோவின் குறும்பு இது. நம் பண்டிதர்கள் இந்த இடத்தில் சிரிப்பதே இல்லை.

எங்கள் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள். அப்பாவின் அக்கா. கல்யாணத்துக்கு முன் காய்ச்சலில் போனவள். அவளைப் பேய் என்று சொன்னால் அம்மா அடிக்க வருவாள். கன்னித் தெய்வம். ஓலைப்பெட்டியில் பாவாடை, தாவணி, கண்ணாடி வளையல், பவுடர் டப்பா. வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் முதல் சேலை அவள் முன்னால்தான் வைக்கப்படும். வைக்காவிட்டால் தடுத்துவிடுவாள் என்று பயம். என்ன தடுப்பாள், எதற்காகத் தடுப்பாள் என்று யாரும் கேட்டதில்லை. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் இப்படிப் பெட்டி வைத்திருக்கும் வீடுகளை எண்ண முடியாது.

இரண்டு ஜோடிகளைத் தடுத்து நிறுத்திய தாய்லாந்துப் பேய் எதைக் கேட்கிறது என்பதைப் படம் சொல்லிவிடுகிறது. மலினமாகச் சொல்கிறது. அவள் ஆசையைக் கேலிப்பொருளாக்கி, அவளைப் பார்வைக்கு விருந்தாகவும் வைக்கிறது. அதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் நாங்கள் செய்தது என்ன? வாயைத் திறக்குமுன் சேலையைக் கொடுத்து, சாமி என்று கும்பிட்டுப் பெட்டியை மூடிவிட்டோம். படத்தை ஆபாசம் என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.

2020ல் 'இரண்டாம் குத்து' வந்தபோது பாரதிராஜா கண்டித்தார். டைரக்டர் பதிலுக்கு அவருடைய 1981 'டிக் டிக் டிக்'கைத் தூக்கிக் காட்டினார். மேலூர் ரோட்டில், ஒத்தக்கடையில் இருக்கும் ஹைகோர்ட் கிளை வரை விவகாரம் போயிற்று. சுவாரஸ்யமில்லாத சண்டை. பேயைப் பற்றி இரு தரப்பிலும் பேச்சில்லை.

படம் பார்த்த அடுத்த சிவராத்திரிக்குப் பெட்டிக்குத் துணி எடுக்க என்னை அனுப்பினார்கள். பாவாடை சட்டை தைக்கக் கொடுத்தேன். அத்தை இருந்திருந்தால் எழுபது தாண்டியிருக்கும். தையல்காரர் அளவு கேட்கவில்லை. வருஷா வருஷம் தைக்கிற அளவு, பதினைந்து வயசுக்கு.