செவிலியரின் கைகள்

வெண்ணாறு கிளை பிரிந்தோடும் நீடாமங்கலத்துப் பக்கத்தைச் சேர்ந்தவன் நான். எங்கள் பகுதியில் கை நடவு செய்யும் பெண்கள் நாளெல்லாம் சேற்றிலும் நீரிலும் நிற்பார்கள். அவர்களுக்குச் சேற்றுப்புண் வருவதை அறியாதவர் இல்லை. ஓயாமல் நீர் படும் தோல் ஊறித் தன் எண்ணெய்ப் பசையை இழந்துவிடுகிறது. பிறகு காய்ந்து வெடிக்கிறது. வயலில் காலுக்கு நேர்வது மருத்துவமனையில் செவிலியரின் கைக்கு நேர்கிறது. அக்கைகளின் வரலாற்றையே இன்று சொல்ல விழைகிறேன்.

நோயாளியைத் தொடுமுன் கைகழுவ வேண்டும் என்பது இன்று சிறுவரும் அறிந்த செய்தி. 1847-ஆம் ஆண்டில் அது பெரும் புதுமை. வியன்னா பொது மருத்துவமனையில், பிணத்தை அறுத்துச் சோதித்த மருத்துவர்கள் அந்தக் கையோடு பிரசவ விடுதிக்குள் நுழைந்தார்கள். தாய்மார்கள் காய்ச்சல் கண்டு மாண்டார்கள். இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், குளோரின் ஏற்றிய சுண்ணாம்பு நீரில் கைகழுவுமாறு விதித்தார். அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்கு 18 என்றிருந்த சாவு, ஜூனில் ஏறத்தாழ 2 ஆக இறங்கிற்று. 1867-இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் கிருமியை ஒழிக்கும் முறையை வெளியிட்டார். நோயாளி பிழைத்தார், ஆனால் காப்பவரின் கையை அம்மருந்துகள் அரிக்கத் தொடங்கின.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், 1889-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அறுவைக்கூடத் தலைமைச் செவிலியர் கரோலின் ஹாம்ப்டனின் கைகள் புண்ணாயின. பாதரசக் குளோரைடு கரைசலே காரணம். அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் நிறுவனத்தாரிடம் மெல்லிய கையுறைகள் செய்யச் சொன்னார். இன்று நோயாளியைக் காக்கும் அறுவைக் கையுறை, ஒரு செவிலியரின் தோலைக் காக்கவே முதலில் அங்கே புகுந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

நம் நாட்டில், வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1946-இல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. கைகழுவுதல் செவிலியர் கல்வியின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. கையைப் பேணுவதும் அதனோடு சேர்ந்த பாடமே. வெடித்த தோல் எரியும். எரியும் கையைக் கழுவ மனம் தயங்கும். வெடிப்பிலோ கிருமி எளிதில் குடியேறும். ஆகவே செவிலியரின் புண் நோயாளிக்கும் ஆபத்தாகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதற்கு வழி காட்டின. கையில் அழுக்கு தெரியாதபோது, சாராயக் கரைசலை 20 முதல் 30 விநாடி தேய்த்தாலே போதும். அழுக்கு தெரிந்தால் சோப்பும் நீரும் வேண்டும். அக்கரைசலில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் கிளிசரினும் சேர்கிறது. தோல் வறளாமல் காப்பதே அதன் வேலை. கையுறை அணியுமுன் கை நன்கு உலர வேண்டும். பணியிடையே களிம்பு தடவவும் வேண்டும்.

உங்களுள் சிலர் நாளை மருத்துவராவீர்கள். சிலர் மருத்துவமனைகளை நிர்வகிப்பீர்கள். சோப்பு வாங்கக் கையெழுத்திடும் அன்று, களிம்புக்கும் சேர்த்துக் கையெழுத்திடுங்கள்.