ஒற்றைக் கோட்டின் ஊர்வலம்

புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்து, எங்கும் கிளைக்காமல், தன்னைத் தானே வெட்டாமல், கிளம்பிய இடத்திலேயே மூட வேண்டும். கட்டத்துக்குள் இருக்கும் எண், அதன் நான்கு பக்கங்களில் எத்தனையில் கோடு போகிறது என்று சொல்லும். செல்பேசியில் ஸ்லிதர்லிங்க் ஆடுபவர்களுக்கு இது தெரிந்ததுதான். ஆனால் இந்தக் கோடு நம்மிடம் வந்து சேர்ந்த வழியில் வளைவுகள் அதிகம். வழிநெடுக யாராவது ஒருவர் ஒரு விதியைக் கூட்டியோ குறைத்தோ விட்டிருக்கிறார்கள்.

முதலில் ஒரு குதிரை. காஷ்மீரத்து ருத்ரடர் 9-ஆம் நூற்றாண்டில் எழுதிய 'காவ்யாலங்கார'த்தில் ஒரு செய்யுள் உண்டு. நேராகப் படித்தாலும், சதுரங்கக் குதிரை தாவும் வரிசையில் படித்தாலும் அதே செய்யுள்தான். 14-ஆம் நூற்றாண்டில் நம் தூப்புல் வேதாந்த தேசிகர் 'பாதுகா சஹஸ்ர'த்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். 32 எழுத்துச் சுலோகத்தைக் குதிரைத் தாவலில் படித்தால் அடுத்த சுலோகமே கிடைத்துவிடும். அரங்கன் பாதுகைக்குப் பாடிய நூலில் சதுரங்கம்! இருவரின் களமும் 4க்கு 8 கட்டம். அந்த அளவில் குதிரை எல்லாக் கட்டத்தையும் மிதித்துவிட்டுக் கிளம்பிய கட்டத்துக்குத் திரும்ப வழியே இல்லை. 8க்கு 8 பலகையில் திரும்பலாம். கணித மேதை ஆய்லர் 1759-இல் அதைக் கணக்காக ஆராய்ந்தார்.

1857-இல் அயர்லாந்தின் கணிதர் வில்லியம் ரோவன் ஹாமில்டன் குதிரைக்குப் பதில் பயணியை அனுப்பினார். பன்னிரண்டு ஐங்கோண முகங்கள் கொண்ட உருவத்தின் 20 முனைகளும் 20 ஊர்கள். பிரஸ்ஸல்ஸ், டெல்லி, ஜான்சிபார் என்று ஒவ்வோர் ஊரையும் ஒரே முறை பார்த்துவிட்டு வீடு திரும்ப வேண்டும். லண்டன் வியாபாரி ஒருவர் 25 பவுண்டுக்கு உரிமை வாங்கினார். சரக்கு விலைபோகவில்லை. ஆட்டம் ரொம்பச் சுலபமாம்.

நம்மூர் வாசலிலோ அந்தக் கோடு கம்பிக் கோலமாக, சிக்குக் கோலமாகச் சும்மாவே கிடந்தது. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் 1974-இல் கோலத்துக்கு இலக்கணம் வகுத்து ஆய்விதழில் எழுதினார்கள். கணினி அறிவியலுக்குள் கோலம் நுழைந்தது. கணக்கு வாத்தியார்களும் ரசிக்க அதில் விஷயம் இருக்கிறது. 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கோடு வெட்டிக்கொள்ளும்படி போட்டால் ஒரே கம்பி. 4க்கு 4 என்றால் நாலு கம்பி. இரண்டு எண்களின் மீ.பொ.வ. எதுவோ அத்தனை கம்பி. அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் விரலால் போடும் சோனா ஓவியங்களுக்கும் இதே கணக்குதான்.

1989 ஜூனில் ஜப்பானின் 'நிகோலி' இதழ், இரண்டு வாசகர்கள் தனித்தனியே அனுப்பிய புதிர்களைப் பிசைந்து ஸ்லிதர்லிங்கை வெளியிட்டது. ஆரம்பத்தில் எல்லாக் கட்டத்திலும் எண் இருந்தது. பிறகு சிலவற்றை எடுத்துவிட்டார்கள், சுவை கூடிவிட்டது. 3-க்குப் பக்கத்தில் 0 இருக்கட்டும். நடுச்சுவர் கிடையாது, ஆகவே 3-இன் மற்ற மூன்று பக்கமும் உறுதி. அந்தக் கோடு நடுச்சுவரின் இரு முனைக்கும் வந்து நிற்கும். 0-வைத் தொடக்கூடாது, வெளிப்பக்கமாக விலகியே ஆக வேண்டும். இரண்டே எண்ணில் ஐந்து கோடு!

பிற்காலத்தில் அதே நிகோலியில் முத்துமாலைப் புதிரும் வந்தது. வெள்ளை முத்தில் கோடு நேராகப் போய், முந்தைய கட்டத்திலோ அடுத்த கட்டத்திலோ திரும்ப வேண்டும். வெள்ளை மட்டும் இருந்தவரை அது சாதாரணம். ஆறு இதழ் கழித்துக் கறுப்பு முத்தைச் சேர்த்தார்கள்: அங்கே திரும்பியே ஆக வேண்டும், ஆனால் முன்னும் பின்னும் ஒரு கட்டம் நேராகப் போக வேண்டும். அந்த ஒரு விதிதான் அதைத் தூக்கி நிறுத்தியது. 'மாஷு' என்ற இன்றைய பெயர், நிகோலியின் தலைவர் ஒரு சொல்லைத் தப்பாக வாசித்ததில் ஒட்டிக்கொண்டது.

பிறகு நகல்களுக்குக் கேட்பானேன். ஸ்லிதர்லிங்கே 'ஃபென்ஸஸ்', 'லூப் தி லூப்' என்று வேஷம் மாற்றி உலவுகிறது. சைமன் டேதமின் இலவசப் புதிர்த் தொகுப்பில் அதற்கு 'லூப்பி' என்று பெயர்; அங்கே சதுரத்தோடு தேன்கூடு, முக்கோணம், ஒழுங்காகத் திரும்ப வராத பென்ரோஸ் ஓடுகள்கூட வந்துவிட்டன.

2007-இல் இரண்டு ஜப்பானியர்கள், கிவாமு யானகிசாவாவும் ஷோஜிரோ நாகாதாவும், நம் கோலத்தைக் கையில் எடுத்தார்கள். இரு புள்ளிகளுக்கு நடுவே கோடு வெட்டுகிறதா, விலகுகிறதா? இந்த ஒற்றைக் கேள்விக்கான பதில்களாகவே முழுக் கோலத்தையும் எழுதிவிடலாம் என்று காட்டினார்கள். அப்படிப் பார்த்தால் கோலத்திலேயே ஒரு புதிர் ஒளிந்திருக்கிறது. இரு வேறு கம்பிகள் வெட்டும் இடத்தில் வெட்டாமல் விலக்கிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். நாலு கம்பி வரும் 4க்கு 4 கோலத்தில் மூன்றே இடத்தில் விலக்கினால் ஒரே கம்பி. எந்த மூன்று இடம் என்று நோட்டில் போட்டுத்தான் பாருங்களேன்.