‘பார்த்தா சயின்டிஸ்ட் மாதிரியே இல்லையே!’: தோற்றத்தை வைத்து விஞ்ஞானியை எடைபோடுவது ஏன் தவறு?

2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் விண்கலம் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. பளபளக்கும் சேலை, தலையில் பூ, முகம் நிறைய சிரிப்போடு பெண்கள் அதைக் கொண்டாடும் புகைப்படம் உலகம் முழுக்க வைரலானது. ‘ராக்கெட் விஞ்ஞானிகள் இப்படியும் இருப்பாங்க’ என்று பலரும் பாராட்டினார்கள். படத்தில் இருந்தவர்கள் நிர்வாகப் பிரிவு ஊழியர்கள் என்று இஸ்ரோ பின்னர் விளக்கியது.

ரிது கரிதால், நந்தினி ஹரிநாத் உள்ளிட்ட பெண் விஞ்ஞானிகள் அந்தத் திட்டத்தில் முக்கியப் பொறுப்புகளில் இருந்தது உண்மைதான். ஆனால் உலகம் பாராட்டியது ஒரு தோற்றத்தை. பாராட்டோ ஏளனமோ, விஞ்ஞானி என்றதும் நாம் முதலில் பார்ப்பது ஆளைத்தான்.

இந்தப் பிம்பம் எங்கிருந்து வருது?

‘ஒரு விஞ்ஞானியை வரைங்க’ என்று குழந்தைகளிடம் சொல்லி நடத்தப்பட்ட ஆய்வு ஒன்றின் முடிவுகளை டேவிட் சேம்பர்ஸ் 1983-ல் வெளியிட்டார். 4,807 குழந்தைகளில் பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர் மட்டுமே. அந்த 28 பேரும் சிறுமிகள். வெள்ளைக் கோட்டு, கண்ணாடி, தாடி ஆகியவை படங்களில் திரும்பத் திரும்ப வந்தன.

அமெரிக்காவில் நடந்த இதுபோன்ற 78 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் ஓர் அலசல் வெளியானது. 1980-களின் நடுப்பகுதியிலிருந்து நடந்த ஆய்வுகளில் சராசரியாக 28 சதவீதக் குழந்தைகள் பெண் விஞ்ஞானியை வரைந்திருந்தார்கள். நிலைமை மாறியிருக்கிறது. ஆனாலும் வயது ஏற ஏற, குழந்தைகள் ஆண் விஞ்ஞானியை வரைவதே அதிகமாகிறது.

பெண்களுக்கு மட்டும் தனி அளவுகோலா?

2016-ல் ‘செக்ஸ் ரோல்ஸ்’ ஆய்விதழில் வந்த கட்டுரை இதைச் சோதித்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அறிவியல், பொறியியல் துறைப் பேராசிரியர்களுடைய படங்களைக் காட்டி, ‘இவர் விஞ்ஞானியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?’ என்று கேட்டார்கள்.

தோற்றத்தில் பெண்மை அதிகம் தெரிந்தவர்களை விஞ்ஞானி என்று நம்பியவர்கள் குறைவு. ‘சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவங்களா இருக்கும்’ என்ற கணிப்பு கூடியது. ஆண்களின் தோற்றமோ அவர்கள் மீதான மதிப்பீட்டை மாற்றவில்லை.

அப்போ அழகா இருந்தா லாபமா, நஷ்டமா?

ரெண்டும்தான். 2017-ல் ‘பிஎன்ஏஎஸ்’ இதழில் வெளியான பிரிட்டன் ஆய்வாளர்களின் கட்டுரை ஒரு முரணைக் காட்டியது. பார்க்க அழகாக இருக்கும் விஞ்ஞானியின் ஆய்வைப் பற்றித் தெரிந்துகொள்ள மக்கள் அதிக ஆர்வம் காட்டினார்கள். ஆனால் ‘தரமான அறிவியலைச் செய்பவர் யார்?’ என்று கேட்டபோது, அவ்வளவு அழகாக இல்லாத, கலகலப்பாகப் பழகாதவர் போலத் தெரியும் முகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதாவது, ஒரே முகம் ஆட்களைக் கேட்க வைக்கிறது. கேட்டதை நம்பவிடாமலும் செய்கிறது.

இதனால யாருக்கு இழப்பு?

டிஎன்ஏ கட்டமைப்பைக் கண்டறிய ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் எக்ஸ்-ரே ஆய்வு முக்கிய ஆதாரமாக இருந்தது. ஜேம்ஸ் வாட்சன் 1968-ல் வெளியிட்ட ‘தி டபுள் ஹெலிக்ஸ்’ நூலோ அவர் லிப்ஸ்டிக் போடாததையும் உடையில் அக்கறை காட்டாததையும் விமர்சித்தது. அதே நூலின் பின்னுரையில், ஃபிராங்க்ளினைப் பற்றிய தன் ஆரம்ப அபிப்பிராயங்கள் பல தவறானவை என்று வாட்சன் ஒப்புக்கொண்டார். பதில் சொல்ல ஃபிராங்க்ளின் உயிரோடு இல்லை. 1958-லேயே 37 வயதில் இறந்துவிட்டார்.

அலங்காரம் செய்தால் ‘சீரியஸான ஆள் இல்லை’, செய்யாவிட்டால் ‘தன்னைக் கவனிச்சுக்கத் தெரியாதவங்க’. எப்படி வந்தாலும் பேச்சு ஆய்வை விட்டு ஆள் மீது போய்விடுகிறது. யாரை மேடைக்கு அழைப்பது, யாரிடம் பேட்டி எடுப்பது, யாரை வேலைக்கு எடுப்பது என்ற முடிவுகளிலும் இந்தக் கணிப்பு நுழைய வாய்ப்பு உண்டு.

நாம என்ன செய்யலாம்?

ஒரு விஞ்ஞானியின் வீடியோ உங்கள் ஃபீடில் வந்தால் மூன்று கேள்விகள் போதும்: என்ன சொல்கிறார்? அதற்கு என்ன ஆதாரம்? அந்தத் துறையில் மற்றவர்கள் அதைச் சரிபார்த்திருக்கிறார்களா? இந்த மூன்றுக்கும் பதில் முகத்திலோ உடையிலோ கிடைக்காது. நீங்கள் இன்டர்வியூ எடுக்கும் இடத்தில் இருந்தால், ஆளைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய வேலையைப் படித்துவிடுங்கள்.