திரும்பி வரும் மடல் யாருக்கு?

மல்வேர்ன் தம்பி தங்கச்சிமாரே, வாட்ஸ்அப்புக்கு முன்னர் உலகத் தமிழர் மின்னஞ்சல் குழுக்களில் கூடினார்கள். 1990களில் பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் அதில் முன்னோடி. ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போகும்.

ஒரு முகவரி செத்துப்போனால் மடல் திரும்பும். யாரிடம்? கணினி வேலை பார்க்கும் எனக்குப் பிடித்த கேள்வி இது. மின்னஞ்சலுக்கும் உறை உண்டு. உள்ளே எழுதியவர் முகவரி. உறையில் திரும்ப வேண்டிய முகவரி. 1982இல் வந்த விதியிலேயே இந்த உறை முகவரி இருக்கிறது. குழு மென்பொருள் உறையில் தன் முகவரியை எழுதிக்கொண்டது. 1997இல் டி. ஜே. பெர்ன்ஸ்டைன், ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனி உறை முகவரி என்ற வழியைச் சொன்னார். எது திரும்பியதோ, அந்த உறுப்பினரை மென்பொருளே அடையாளம் கண்டது.

2014 ஏப்ரலில் சிக்கல் வந்தது. போலி மடல்களைத் தடுக்க, தன் முகவரியோடு வேறு இடத்திலிருந்து வருபவற்றை ஏற்கவேண்டாம் என்று யாகூ அறிவித்தது. யாகூ உறுப்பினர் குழுவுக்கு எழுதியதை ஜிமெயில் திருப்பி அனுப்பியது. மென்பொருளோ, ஜிமெயில்காரரின் முகவரிதான் செத்தது என்று எண்ணி அவரை நீக்கியது! பிறகு பல குழுக்கள் உள்ளேயும் தங்கள் முகவரியையே போட்டன.

மாமாவுக்கு அந்தக் காலத்தில் குழு மடல் திடீரென நின்றதா? யாரும் கோபித்து நீக்கியிருக்கத் தேவையில்லை.