பச்சை பெயின்ட் அடித்தால் மிலிட்டரி புல்லட் ஆகிவிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

சமீபத்தில் என்னிடம் படித்த மூன்று பேர் அடுத்தடுத்து போன் செய்தார்கள். ஒருவருக்கு அப்பாவின் பழைய புல்லட்டை விற்கலாமா என்று சந்தேகம். இன்னொருவரிடம் "ராணுவ ஏலத்தில் எடுத்தது" என்று சொல்லி ஒரு வண்டிக்கு இரண்டு மடங்கு விலை கேட்கிறார்களாம். மூன்றாமவர் தாத்தா வண்டியைப் பிரித்து, பெயின்ட் அடித்து, புதிதுபோல ஆக்கப் போகிறாராம். நான் மெக்கானிக் இல்லை, சரித்திர வாத்தியார். ஆனால் இந்த மூன்று கேள்விக்கும் பதில் சரித்திரத்தில்தான் இருக்கிறது. அதுவும் நம் ஊர்ச் சரித்திரத்தில்.

முதலில் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். புல்லட் என்ற பெயர் 1932-ல் இங்கிலாந்தில் பிறந்தது. ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி வைத்த பெயர். சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-களின் தொடக்கத்தில், எல்லையில் ரோந்து போக உறுதியான மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று நம் ராணுவம் தேடியது. 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. நூற்றுக்கணக்கில் ஆர்டர் போனது. அதை வாங்கிக் கொடுத்தது நம் மெட்ராஸ் மோட்டார்ஸ்.

ஒவ்வொரு முறையும் கப்பலில் வரவழைப்பதைவிட இங்கேயே செய்தால் என்ன என்ற யோசனை வந்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. நம் ராயபுரத்துக்கு வடக்கே, தண்டையார்பேட்டையைத் தாண்டி, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழும்பியது. 1956-ல் வேலை தொடங்கியது. பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன, நம் ஆட்கள் பூட்டினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 163 வண்டிகள் வெளியே வந்தன. பிறகு வார்ப்பு அச்சுகளும் கருவிகளும் வந்து சேர, 1960-களில் முழு வண்டியும் இங்கேயே தயாரானது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. "மிலிட்டரி மாடல்" என்பதை ஏதோ சாதாரண புல்லட்டின் அபூர்வமான கிளை என்று நினைக்கிறோம். நம் நாட்டில் அப்படி இல்லை. ராணுவத்துக்காக வந்ததுதான் வேர். கல்யாண மாப்பிள்ளையும் ஊர்த் தலைவரும் ஓட்டிய வண்டி அதிலிருந்து கிளைத்தது.

அடுத்த விஷயம். ரெட்டிச்சில் 1956-க்குப் பிறகு புல்லட்டின் வடிவத்தை மாற்றிக்கொண்டே போனார்கள். அங்கே அந்த ஆலை 1967-ல் மூடப்பட்டது. திருவொற்றியூரிலோ 1955-ன் வடிவத்தையே பல பத்தாண்டுகள் பிடித்துக்கொண்டார்கள். 346 சிசி, 70-க்கு 90 மில்லிமீட்டர் சிலிண்டர், வலது காலில் கியர், ஹெட்லைட்டையும் ஸ்பீடாமீட்டரையும் ஒன்றாகப் பிடித்திருக்கும் வார்ப்பு முகப்பு, அதன் இரு பக்கமும் கண் மாதிரி இரண்டு சின்ன விளக்குகள். அதனால் தூரத்தில் நின்று பார்த்து இது எந்த வருஷத்து வண்டி என்று சொல்லவே முடியாது. ஏமாற்றுபவர்களுக்கு வசதியானது இதுதான். கிட்டே போய்ப் படிக்க வேண்டும். கல்வெட்டைப் படிப்பது போல.

எப்படிப் படிப்பது?

1. எண்கள். சேசிஸ் எண் ஹேண்டில் பார் திரும்பும் கழுத்துப் பகுதியிலும் எஞ்சின் எண் கிராங்க் கேஸிலும் குத்தப்பட்டிருக்கும். இரண்டையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். எண்ணைச் சுற்றியுள்ள இடம் மற்ற இடங்களைப் போலச் சொரசொரப்பாக இல்லாமல் வழவழவென்று இருந்தால், யாரோ தேய்த்துவிட்டு வேறு எண் குத்தியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

2. பாகங்களில் உள்ள பெயர்கள். ஆரம்ப கால வண்டிகளில் அமால் கார்புரேட்டர், ஆல்பியன் கியர் பாக்ஸ், லூகாஸ் மின்சாதனம், ஸ்மித்ஸ் மீட்டர் என்று இங்கிலாந்துப் பெயர்களே இருக்கும். நம் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தொடங்கியது 1961-ல். பலூன் செய்துகொண்டிருந்த எம்.ஆர்.எஃப். அதே திருவொற்றியூரில் டயர் செய்ய ஆரம்பித்ததும் 1961-ல். ஆகவே "1957 வண்டி சார், எல்லாமே ஒரிஜினல்" என்று சொல்லும் வண்டியில் லூகாஸ் டி.வி.எஸ். என்று எழுதிய பாகம் இருந்தால், அது பிற்பாடு மாட்டியது. வண்டி பொய் என்று அர்த்தமில்லை. "எல்லாமே" என்ற சொல்தான் பொய்.

3. பெயின்ட் அடுக்கு. டூல் பாக்ஸின் உள்பக்கம், டேங்கின் அடிப்பக்கம், சீட்டுக்குக் கீழே என்று யாரும் பார்க்காத இடத்தில் நகத்தளவு சுரண்டிப் பாருங்கள். ராணுவ வண்டியில் பச்சைக்கு அடியிலும் பச்சையே இருக்கும், அல்லது பிரைமர் இருக்கும். பச்சைக்கு அடியில் கறுப்போ மெரூனோ தெரிந்தால், ரிம்மில் பச்சைக்கு அடியில் குரோமியம் பளிச்சென்று தெரிந்தால், அது வீட்டு வண்டிக்குப் போட்ட வேஷம். போர்க்களத்தில் பளபளப்பு ஆபத்து. அதனால்தான் அங்கே குரோமியத்துக்கு இடமில்லை.

4. அம்புக்குறி. அரசாங்கச் சொத்து என்று காட்ட பிரிட்டிஷார் காலங்காலமாக ஓர் அம்பு முத்திரை போட்டார்கள். இன்றும் நம் ராணுவ வண்டிகளின் எண் பலகையில் மேல்நோக்கிய அம்பு இருக்கும். அதை ஒட்டிய இரண்டு இலக்கம் வண்டி வாங்கிய ஆண்டு.

5. காகிதம். ஏலத்தில் எடுத்த வண்டி என்றால், பொதுமக்கள் பெயரில் பதிவான ஆண்டு தயாரிப்பு ஆண்டுக்குப் பல வருஷம் தள்ளி இருக்க வேண்டும். தயாரான வருஷமே ஒரு தனி ஆளின் பெயரில் பதிவாகியிருந்தால், அது எப்போது பட்டாளத்துக்குப் போனது என்று விற்பவரிடம் கேளுங்கள்.

புல்லட்டுக்கு முந்திய போர்க்கால வண்டிகளும் சில கண்ணில் படும். பி.எஸ்.ஏ. எம்20, நார்ட்டன் 16எச் போன்றவை. எம்20-ல் ராணுவத்துக்குச் செய்ததென்றால் எண்ணுக்கு முன்னால் டபிள்யூ.எம்.20 என்று குத்தியிருக்கும். இவற்றில் சிலவற்றுக்குக் கால் வைக்கும் கட்டையில் ரப்பர் இருக்காது, வெறும் இரும்பு. கைப்பிடியில் கித்தான் துணி சுற்றியிருப்பார்கள். யாரோ ரப்பரைத் தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்துப் புது ரப்பர் மாட்டிவிடாதீர்கள்! 1942-ல் மலாயாவையும் சிங்கப்பூரையும் ஜப்பான் பிடித்தது. அங்கிருந்து பிரிட்டனுக்கு வந்த ரப்பர் நின்றது. ரப்பர் இல்லாமலேயே வண்டி செய்தார்கள். அந்த மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதி நம் தமிழர்கள். நம் உறவுகளிலேயே அங்கே போய்த் திரும்பியவர்கள், திரும்பாதவர்கள் உண்டு. இங்கிலாந்தில் செய்த வண்டியில் இல்லாத ஒரு ரப்பர் துண்டு, அவர்கள் கதையைச் சொல்கிறது. புதிதாக மாட்டினால் கதை போய்விடும்.

ஓர் எச்சரிக்கை. எண்ணும் பாகமும் ஒத்துப்போகவில்லை என்றதும் "போலி" என்று தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். ராணுவப் பணிமனையில் ஓட வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒரு வண்டியின் எஞ்சினை இன்னொன்றில் போட்டு அனுப்பியிருப்பார்கள். நம் அப்பாக்களும் புதுப்பேட்டையில் கிடைத்ததை மாட்டி ஓட்டியவர்கள்தான். ஒரே ஒரு சாட்சியை வைத்து முடிவெடுக்காதே என்று வகுப்பில் சொன்னது நினைவிருக்கிறதா? இங்கேயும் அதேதான். நாலைந்து சாட்சியும் ஒரே பக்கம் கை காட்டினால் மட்டும் நம்புங்கள்.

புதிதுபோல ஆக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டேங்கில் இருக்கும் தங்கக் கோடு அச்சடித்ததோ ஒட்டியதோ அல்ல. திருவொற்றியூரில் ஒருவர் தூரிகை பிடித்துக் கையால் இழுத்தது. உற்றுப் பார்த்தால் கோடு தொடங்கும் இடத்தில் தடிப்பு லேசாக மாறும். உப்புத்தாளால் ஒரு மணி நேரம் தேய்த்தால் அந்தக் கைவேலை போய்விடும், திரும்ப வராது. துரு பிடித்தால் துருவை நிறுத்துங்கள். ஓடவில்லை என்றால் ஓட வையுங்கள். அதற்கு மேல் கை வைக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். கழற்றிய பழைய பாகத்தைப் பழைய இரும்புக்குப் போடாமல் ஒரு டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள்.

இதில் பணக் கணக்கும் இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு தாண்டிய வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேசிஸும் எஞ்சினும் பெரிய மாற்றம் இல்லாமல் பழைய உருவிலேயே இருக்க வேண்டும். அழகுபடுத்துகிறேன் என்று வெட்டி ஒட்டினால் அந்தத் தகுதியும் போச்சு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதைப் படிப்பவர்களில் பலர் வீட்டில் அப்பாவோ மாமாவோ அந்தத் தொழிற்சாலையிலோ, அதற்குப் பாகம் கடைந்து கொடுத்த சின்னப் பட்டறையிலோ வேலை பார்த்திருப்பார்கள். எந்த வருஷம் எந்தப் பாகம் மாறியது, ராணுவ வண்டிக்குத் தனியாக என்ன செய்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு வயதாகிறது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, போனில் பதிவு செய்து வையுங்கள். பழைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வேலை நேர போட்டோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். கேட்டதை இங்கே கீழே எழுதுங்கள். எல்லோரும் படிப்போம்.

எல்லோரும் நலமாக இருங்கள். ஹெல்மெட் போட்டு ஓட்டுங்கள்.