பிளாட்டினம் மின்முனையும் சிஸ்பிளாட்டினும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வளர்ப்பூடகத்திலுள்ள உயிரணுக்களில் மின்சாரம் செலுத்தும்போது தோன்றும் மாற்றங்கள் அனைத்தும் மின்புலத்தின் விளைவுகள் அல்ல. மின்முனை ஊடகத்தைத் தொடும் இடத்தில் நிகழும் வேதிவினைகளும் உயிரணுக்களைப் பாதிக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிந்ததன் பயனாக ஒரு புற்றுநோய் மருந்து கிடைத்த வரலாற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ரோசன்பெர்க்கின் சோதனை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் பார்னெட் ரோசன்பெர்க். உயிரணுப் பிரிவின்போது தோன்றும் கதிர் இழைகள் காந்தப்புலக் கோடுகளை ஒத்திருப்பது அவர் கருத்தை ஈர்த்தது. மின்புலம் உயிரணுப் பிரிவைப் பாதிக்குமா என்னும் வினா இதனால் எழுந்தது. லொரெட்டா வான் கேம்ப், தாமஸ் கிரிகாஸ் ஆகியோருடன் இணைந்து, எ. கோலி பாக்டீரியா வளரும் கலத்தில் பிளாட்டினம் மின்முனைகளை அமைத்து மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தினார். பாக்டீரியாக்கள் பிளவுறாமல் இழைகளாக நீண்டன. சில இயல்பான நீளத்தைப்போல் 300 மடங்கு வரை வளர்ந்தன.

காரணம் தெளிந்தமை

பிளாட்டினம் எளிதில் வினைபுரியாத உலோகம் என்று கருதப்பட்டது. ஆயினும், முன்னரே மின்னோட்டம் செலுத்தப்பட்ட ஊடகத்தில் பின்னர் இடப்பட்ட பாக்டீரியாக்களும் மின்சாரமின்றியே நீண்டன. மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம், ஊடகத்திலிருந்த அம்மோனியம், குளோரைடு அயனிகளுடன் சேர்ந்து உருவாக்கிய சேர்மங்களே காரணம் என்பது புலனாயிற்று. இம்முடிவு 1965இல் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று.

அச்சேர்மங்களுள் ஒன்றே இன்றைய சிஸ்பிளாட்டின். இதனை மிக்கேலே பெய்ரோனே 1840களிலேயே தயாரித்திருந்தார். அதன் அமைப்பை ஆல்ஃபிரட் வெர்னர் 1893இல் விளக்கினார். எனினும், அதன் மருத்துவப் பயன் அறியப்படவில்லை. எலிகளின் கட்டிகளை இச்சேர்மம் ஒடுக்குவதை ரோசன்பெர்க் குழுவினர் 1969இல் வெளியிட்டனர். 1978இல் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு ஒப்புதல் வழங்கியது. விரைப்புற்றுநோய் மருத்துவத்தில் இது பெருமாற்றத்தை ஏற்படுத்தியது.

முடிவுரை

மின்சாரத்தையே காரணமாகக் கொண்டு ஆய்வு நிறுத்தப்பட்டிருப்பின், முடிவும் பிழைபட்டிருக்கும், மருந்தும் கிடைத்திராது. அமில காரத்தன்மை மாற்றம், ஹைட்ரஜன் பெராக்சைடு, உலோக அயனிகள் ஆகியன இன்றைய மின்தூண்டல் ஆய்வுகளிலும் தோன்றக்கூடும். மின்சாரம் செலுத்தப்பட்ட ஊடகத்தை மட்டும் புதிய உயிரணுக்களுக்கு இட்டுப் பார்ப்பதும், உப்புப் பாலம் கொண்டு மின்முனையை விலக்கி வைப்பதும் இதனால் இன்றியமையாதன. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த தண்டலம்போல் மருத்துவக் கல்வியும் பொறியியற் கல்வியும் அருகருகே நிகழும் ஊர்களில், இவ்வரலாறு இருதுறை மாணவர்க்கும் பொதுவான பாடமாகும்.